முடிவிலியில் ஒன்று குறைந்தால்

ஆர்.கே.புரம், புது தில்லி
14 செப்டம்பர் 2025

அன்புள்ள தம்பி எலியேசருக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அத்தானும் நானும் சுகம். அங்கே உன்னையும் பிரபாவையும் ஆண்டவர் சுகமாக வைத்திருப்பாராக. சுகம் விசாரிச்சாச்சு. இனிமே சண்டை.

கையில போனை வச்சுக்கிட்டு இவ எதுக்கு ஸ்பீட் போஸ்ட்ல கடுதாசி அனுப்புதான்னு நீ நினைப்பே. போன்ல உன்கிட்டச் சண்டை போட முடியாதுலே. நான் ரெண்டு வார்த்தை காட்டமாப் பேசினதும், “சரிக்கா, ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிக்கிடுவோம்”னு ஆரம்பிச்சிருவே. ஜெபத்துக்கு நடுவுல குறுக்கே பேசுறதுக்கு அம்மா நம்மை வளர்க்கலை. நீ ஆமென் சொல்லி முடிக்கும்போது எனக்கு ஆத்திரம் தொண்டைக்குள்ளேயே நின்னுரும், உனக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமும் ஆயிரும். கடுதாசிக்கு நடுவுல நீ கண்ணை மூட முடியாது. அதான் எழுதுதேன்.

உன்னோட ‘முடிவில்லாத கணக்கு’ பிரசங்கத்தை நேத்துத்தான் பார்த்தேன். ஒரு மாசமா இங்க தமிழ்ச் சபையில ஆள் ஆளுக்கு வந்து என் கையைப் பிடிச்சு, “டீச்சர், உங்க விசுவாசம் யாருக்கு வரும்”னு கண் கலங்கிட்டுப் போனாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கலை. சரி, பள்ளிக்கூடத்துல ரிசல்ட் நல்லா வந்ததைச் சொல்லுதாங்க போலன்னு நானும் சிரிச்சு வச்சேன். கோட்டி பிடிச்சவ மாதிரி சிரிச்சிருக்கேன்.

முதல்ல கணக்கைப் பேசிருவோம். போர்டுல எட்டைப் படுக்கப் போட்டு, “இதுதான் எல்லா எண்ணுக்கும் கடைசி எண், இதுக்கு மேல எண் கிடையாது”ங்கே. ஏலே, கடைசி எண்ணுன்னு ஒண்ணு இருந்தா அதோட ஒண்ணைக் கூட்டு, அடுத்தது வந்து நிக்குமே! இயல் எண்களுக்குக் கடைசியே கிடையாது. அதனாலதான் முடிவில்லாததுங்கோம். முடிவிலின்னு ஒரு ஆள் எங்கேயோ கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கான்னு அதுக்கு அர்த்தம் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகளும் இதையேதான் சொல்லுது, “மிஸ், இன்ஃபினிட்டி மத்லப் சப்ஸே படா நம்பர்”னு, இருக்கதுலயே பெரிய எண்ணாம். அதுகளுக்குப் பன்னிரண்டு வயசு. உனக்கு நரைச்சுப்போச்சு.

அடுத்து, “ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே போனா ஒரு நாள் முடிவிலியைத் தொட்டுருவோம்”ங்கே. தொட மாட்டே. ஆயிசு பூரா எண்ணினாலும் நீ நிக்கிற எண் முடிவுள்ள எண்தான். கோடிக்குப் போ, கோடான கோடிக்குப் போ, அதுவும் முடிவுள்ளதுதான். இயல் எண்களோட கூட்டம் முடிவில்லாதது, ஆனா அந்தக் கூட்டத்துல இருக்க ஒவ்வொருத்தனுக்கும் முடிவு உண்டு. இங்கதான் படிச்சவங்களே சறுக்குதாங்க. கூட்டம் முடிவில்லாததுன்னா அதுல ஒருத்தனாவது முடிவில்லாதவனா இருந்தாகணும்னு நினைச்சுக்கிடுதாங்க.

இரட்டை எண்ணெல்லாம் மொத்தத்துல பாதின்னு வேற சொல்லுதே. பாதி இல்லை. ஒண்ணுக்கு ரெண்டைத் துணைக்கு நிறுத்து, ரெண்டுக்கு நாலு, மூணுக்கு ஆறு. யாராவது துணை இல்லாம நிக்காங்களா? இல்லையே. அப்ப ரெண்டு கூட்டமும் ஒரே அளவு. முடிவுள்ள கூட்டத்துல பழகின புத்தியை முடிவில்லாததுல கொண்டுபோய் வச்சா இப்படித்தான்.

சரி, சவத்தை விடு. இதுக்கெல்லாம் நான் பேனா எடுக்க மாட்டேன். பிரசங்கியார்மாரு கணக்குல தப்புப் பண்ணுறது இன்னைக்கு நேத்தா நடக்கு?

கடைசிப் பத்து நிமிஷம்லே. அதுக்குத்தான் எழுதுதேன். “என் அக்கா மகள் கெசியா பதினோரு வயசுல டெல்லியில டெங்குக் காய்ச்சல்ல போயிட்டா. பதினொண்ணை முடிவிலியால வகுத்துப் பாருங்க. சைபர்! நித்தியத்துக்கு முன்னால அந்த இழப்பு சைபர். என் அக்கா கணக்கு டீச்சர். அவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. ‘தம்பி, முடிவிலியில ஒண்ணைக் கழிச்சாலும் முடிவிலிதானே’ன்னு என்கிட்டச் சொன்னா.” இப்படிச் சொல்லிட்டு நீ கைக்குட்டையால முகத்தைத் துடைக்கே.

நான் எப்படா அப்படிச் சொன்னேன்? போன வருஷம் ஒரு நாள், “அக்கா, முடிவிலியில ஒண்ணை எடுத்தா என்ன ஆகும்”னு நீ போன் பண்ணிக் கேட்டே. என் தம்பிக்கு இந்த வயசுல கணக்கு மேல ஆசை வந்துருக்கேன்னு நான் பூரிச்சுப்போயி, அடுப்புல சாம்பாரைக் கருகவிட்டுட்டு உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். இயல் எண்களைப் பத்திச் சொன்னேன். என் பிள்ளையைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசலை. நீ அதைக் கொண்டுபோய் அவ சவப்பெட்டி மேல வச்சிருக்கே.

எனக்கு வேண்டியது ரெண்டுதான். அந்த வீடியோவை எடுத்துரு. டிசம்பர்ல இங்க நம்ம சபைக் கூட்டத்துக்கு வரப்போறியே, அதுல அந்தக் கதையைச் சொல்லாதே. வேற எதை வேணும்னாலும் பேசு, முன் வரிசையில உக்காந்து கேக்கேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஹெலன்

---

சாயர்புரம்
25 செப்டம்பர் 2025

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அக்காவுக்கு,

தம்பி எலியேசர் அன்பின் வாழ்த்துதலோடு எழுதிக்கொள்வது. அக்கா, உன் கடிதம் கிடைத்தது. பிரபாவும் நானும் சேர்ந்து வாசித்தோம். உன் எழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு! சின்னப் பிள்ளையில் என் சிலேட்டைப் பிடுங்கித் தப்புக்கெல்லாம் தலையில் கொட்டுவாயே, அதே ஞாபகம் வந்தது. பிரபா சிரித்துவிட்டாள். இங்கே மழை இல்லை, கிணறு வற்றிவிட்டது. லாரித் தண்ணீர்தான். அத்தானுக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பிவைக்கிறேன்.

அக்கா, நீ சொல்லும் கணக்குத் தப்புகள் இருக்கலாம். நான் கணக்குப் படித்தவன் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது உவமை. பாமர ஜனங்களுக்குப் புரியும்படி ஒன்றைச் சொல்லும்போது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். ஜனங்கள் கணக்குக் கற்றுக்கொள்ளவா என்னிடம் வருகிறார்கள்? ஆறுதல் தேடி வருகிறார்கள்.

நீ கோபத்தில் ஒன்றை மறந்துவிட்டாய். கெசியா எனக்கும் பிள்ளைதான். என் தோளில் தூங்கினவள். அவளைப் பற்றி நான் லேசாகப் பேசுவேனா? வள்ளியூர்ப் பக்கம் ஒரு மனிதர். ஒரே மகன் பைக் விபத்தில் போய்விட்டான். பூச்சி மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் இந்தப் பிரசங்கச் செய்தியைக் கேட்டு அதைக் கீழே கொட்டிவிட்டார். என்னைத் தேடி வந்து கட்டிப்பிடித்து அழுதார். இப்படி எத்தனை பேர். வீடியோவை எடுத்துவிட்டால் இனி வரும் ஆத்துமாக்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

நீ அழவில்லை என்று நான் சொன்னது உன்னை உயர்த்தத்தான், தாழ்த்த அல்ல. உன்னுடைய திடமான விசுவாசம் எல்லாருக்கும் சாட்சியாக இருக்கட்டுமே. அக்கா, மனதில் கசப்புக்கு இடம் கொடுக்காதே. இந்தக் கடிதத்தை முடிக்கும் முன் உனக்காக முழங்கால்படியிட்டு ஜெபித்தேன்.

உன் அன்புத் தம்பி,
எலியேசர்

---

ஆர்.கே.புரம், புது தில்லி
8 அக்டோபர் 2025

தம்பி எலியேசருக்கு,

கடுதாசியிலயும் ஜெபத்தைக் கொண்டுவந்து நுழைச்சிட்டியே, நீ சாமர்த்தியக்காரன்தான்.

வள்ளியூர்க்காரர் பிழைச்சதுக்கு ஸ்தோத்திரம். அவரை ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். யாரோ ஒருத்தர் தன்னோட துக்கத்தைப் பத்திப் பேசுதாங்கன்னு அவருக்கு ஒரு பிடிமானம் கிடைச்சிருக்கு, அவ்வளவுதான். உன் வகுத்தல் சரியா இருந்ததால அவரு பிழைக்கலை. நீ ஒரு ஆளைச் சொன்னே. நான் ஒரு ஆளைச் சொல்லுதேன், கேளு.

செலின்னு ஒரு பிள்ளை. நாகர்கோவில் பக்கம். இங்க பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கா, நம்ம சபைதான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு ஒரு ஆண் குழந்தை பிறந்துச்சு. இருதயத்துல ஓட்டை. மூணு மாசம் இருந்துச்சு. இந்த வருஷம் ஆகஸ்டுல அடக்கம் பண்ணினோம். இவ மாமியாக்காரி உன் வீடியோவை போன்ல போட்டு அவ முன்னால வச்சுட்டு என்ன சொல்லியிருக்கா தெரியுமா? “பாரு, ஹெலன் டீச்சர் பதினோரு வருஷம் வளர்த்த பிள்ளைக்கே அழலை. நீ மூணு மாசத்துக் குழந்தைக்கு இப்படி ஒப்பாரி வைக்கியே, உனக்கு விசுவாசம் இருக்கா?”

அந்தப் பிள்ளை டூட்டி முடிச்சு யூனிபார்மோட நேரே எங்க வீட்டுக்கு வந்துச்சு. வாசல்ல நின்னுக்கிட்டே, “டீச்சர், நீங்க எப்படி அழாம இருந்தீங்க? எனக்கும் சொல்லிக்கொடுங்க”ன்னு கேக்கு. உள்ள கூட்டிட்டு வந்து சோறு போட்டேன். அவ சாப்பிடலை. பிசைஞ்சுக்கிட்டே இருந்தா. தன்னைப் பாவின்னு நினைச்சுக்கிட்டு இருக்காலே அவ! பெத்த பிள்ளைக்கு அழுததுக்கு!

உன் கணக்கு எங்க கொண்டுபோய் விட்டுருக்கு பார்த்தியா? பதினோரு வருஷமும் சைபர், மூணு மாசமும் சைபர், நீ தொண்ணூறு வயசு இருந்துட்டுப் போனாலும் சைபர். எல்லாரும் ஒண்ணுமில்லாம ஆயாச்சு. வகுக்கிறதுங்கிறது எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவுலதான்டா. முடிவிலி எண்ணே இல்லைன்னு போன கடுதாசியிலயே சொன்னேன். எண்ணே இல்லாத ஒண்ணைக் கொண்டு என் பிள்ளையை வகுக்க உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தா?

அன்னைக்குப் போன்ல நான் சொன்னதுல பாதியைத்தான் நீ எடுத்துட்டுப் போயிருக்கே. மீதியையும் இப்பக் கேட்டுக்கோ. இயல் எண்கள்ல இருந்து ஏழை எடுத்துரு. மிச்சம் இருக்கதோட அளவு குறையாது. அது நிஜம். ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் அப்படியே இருக்கட்டும். எட்டைக் கூட்டிட்டு வந்து ஏழாவது இடத்துல உக்கார வை, ஒன்பதை எட்டாவது இடத்துல, பத்தை ஒன்பதாவது இடத்துல. எல்லா இடமும் நிரம்பிரும். ஆனா எட்டு ஏழாவது இடத்துல உக்காந்தாலும் அது எட்டுதான்லே! ஏழு ஆயிராது. அளவு அதே அளவு, கூட்டம் அதே கூட்டம் இல்லை. வரிசையை முழுக்கத் தேடு, கடைசி வரைக்கும் தேட முடியாது, ஆனா தேடுற வரைக்கும் தேடு. ஏழு கிடைக்காது. அளவு மாறலைங்கிறதும் எதையும் இழக்கலைங்கிறதும் ஒண்ணுன்னு நினைக்கிறதுதான் முடிவிலியைப் பத்தி மனுஷன் பண்ணுற தப்புலேயே பெரிய தப்பு. நான் அன்னைக்கு இதைச் சொல்லும்போது, “அச்சாக்கா, அச்சாக்கா, போதும்”னு டெல்லிக்காரன் மாதிரி இந்தி பேசிட்டு போனை வச்சே.

சபையில பாட்டுக்குழுவுல கெசியா நின்ன இடத்துல இப்ப வேற பிள்ளை நிக்கு. நல்லாப் பாடுது. அது மேல எனக்குப் பிரியம்தான். குழுவுல எண்ணிக்கை குறையலை. உன் கணக்குப்படி எல்லாம் சரியா இருக்கு. ஞாயித்துக்கிழமை நான் ஏன் அந்தப் பக்கம் பார்க்காம பாட்டுப் புஸ்தகத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கேன்னு அத்தானைக் கேளு.

இன்னொண்ணு. நான் அழலையாம். அடக்கத்துக்கு நீ வந்திருந்தேலே. கல்லறைத் தோட்டத்துல என்னை ரெண்டு பேர் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்களே, அதுல ஒரு ஆள் நீதானே? உன் சட்டைப் பட்டன் அறுந்து என் கையில வந்துச்சே. அப்பாவையும் அம்மாவையும் நாம அழுது அனுப்பினவங்கதானே? அழுறது எப்பலே பாவமாச்சு?

வீடியோவை எடு. கெஞ்சலை. எடுன்னு சொல்லுதேன்.

ஹெலன்

---

சாயர்புரம்
22 அக்டோபர் 2025

பிரியமான அக்காவுக்கு,

தீபாவளிப் புகையில் டெல்லி மூச்சுத் திணறுகிறது என்று செய்தியில் பார்த்தோம். அத்தானை வெளியே விடாதே. மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, உன் கடிதத்தைப் படித்து எனக்குத் துக்கம் தாங்கவில்லை. அந்தச் சகோதரியின் மாமியார் அறியாமையால் பேசிவிட்டார். ஒரு கத்தியை வைத்து ஒருவர் காய் நறுக்குகிறார், ஒருவர் கையை வெட்டிக்கொள்கிறார். கத்தி என்ன செய்யும்? அந்தச் சகோதரிக்காக நாங்கள் உபவாசம் இருந்து ஜெபிக்கிறோம்.

ஊழியக் குழுவோடு உட்கார்ந்து பேசினேன். உன் மனம் நோகக் கூடாது என்பதற்காக ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வீடியோவில் உன் பேரும் கெசியா பேரும் வருகிற இடத்தைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறோம். இனி பேசும்போதும் ‘என் அக்கா’ என்று சொல்லாமல் ‘எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி’ என்று சொல்லிக்கொள்கிறேன். டெல்லி, கணக்கு டீச்சர் என்றெல்லாம் வராது. யாருக்கும் உன்னைத் தெரியாது. இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும், அக்கா? லட்சக்கணக்கான பேர் பார்த்த செய்தி. அதை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று நூறு கேள்வி வரும். பிரசங்கியே தன் செய்தியை நம்பவில்லையா என்பார்கள்.

டிசம்பர் ஆறாம் தேதி அங்கே வருகிறேன். கூட்டத்துக்கு முன்னால் உன் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்து, முகம் பார்த்துப் பேசினால் எல்லாம் சரியாகிவிடும். பிரபா உனக்காகப் பனங்கற்கண்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

உன் தம்பி,
எலியேசர்

---

ஆர்.கே.புரம்
3 நவம்பர் 2025

எலியேசருக்கு,

பேரை எடுத்துட்டாப் போதும்னு உனக்கு யாருலே சொன்னா? அதுக்கு நீ கெசியா பேரை அப்படியே வச்சிருக்கலாம். ‘கெசியா’ன்னு சொன்னா அவ ஒரு ஆள். இந்த மூக்கு, இந்தச் சடை, இந்தக் குறும்புன்னு கேக்கிறவன் ஒரு பிள்ளையையாவது நினைப்பான். ‘ஒரு சகோதரியோட ஒரு பிள்ளை’ன்னா அது யாரும் இல்லை. யாரும் இல்லாததை வகுத்தா சைபர் வரத்தான் செய்யும். முதல்ல அவ சாவை எடுத்துக்கிட்டே, இப்பப் பேரையும் எடுத்துக்கிட்டே.

கத்தி உதாரணம் வேற! கத்தியைச் செஞ்சு, தீட்டி, பிடியைக் கையில கொடுத்து அனுப்பினவன் நீ.

இங்க என் வகுப்புல பாதி பெஞ்சு காலி. ஜங்க்புராவுல நம்ம தமிழ் ஜனங்க இருந்த மதராசி கேம்ப்பை இடிச்சப்புறம் பிள்ளைகளையெல்லாம் நரேலாவுக்கு அனுப்பிட்டாங்க. அங்க இருந்து பூசா ரோட்டுல எங்க பள்ளிக்கூடத்துக்கு வர பஸ்ஸுல ரெண்டு மணி நேரம் ஆகும், யாரு வருவா? “அதனால என்ன மேடம், டெல்லியில ஸ்கூலுக்குப் பஞ்சமா, லட்சக்கணக்குல பிள்ளைங்க படிக்குது”ன்னு ஒரு ஆபீசர் என்கிட்டச் சொன்னான். அன்னைக்கு அவன் மேல எரிஞ்சு விழுந்துட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தா அதே பேச்சை என் தம்பி எழுதியிருக்கான். பெரிய கூட்டத்தைக் காட்டிச் சின்ன ஆளை மறைக்கிறதுக்கு அந்த ஆபீசருக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கு. நீ எதுக்குலே பண்ணுதே?

காப்பிக்கு வா. வராதேன்னு சொல்ல மாட்டேன். பனங்கற்கண்டும் கொண்டு வா. ஆனா மேடையில அந்தக் கதை வரக் கூடாது. பேரோடயும் கூடாது, பேர் இல்லாமலும் கூடாது. கூட்டத்துக்குச் செலினைக் கூட்டிட்டு வரப்போறேன். அவளுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன், என் தம்பி இனிமே அதைச் சொல்ல மாட்டான்னு.

ஹெலன்

---

சாயர்புரம்
17 நவம்பர் 2025

அக்காவுக்கு,

பயண ஏற்பாட்டில் இருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். கூட்டக் கமிட்டியார் கரோல் பாக்கில் ரூம் போட்டிருக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்னால் வர முடியுமா தெரியவில்லை. முடிந்தபின் கட்டாயம் வீட்டுக்கு வருகிறேன். அந்தச் சகோதரியைக் கூட்டிக்கொண்டு வா. அவளுக்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறேன். மேடையில் எதைப் பேசுவது என்பது என் கையில் இல்லை, என்னை நடத்துகிற ஆண்டவர் கையில் இருக்கிறது. நீ சமாதானமாக இரு.

எலியேசர்

---

ஆர்.கே.புரம், புது தில்லி
10 டிசம்பர் 2025

எலியேசருக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பே. கூட்டம் முடிஞ்சதும் வீட்டுக்கு வருவேன்னு எழுதினே, வரலை. வராததே நல்லதுன்னு அத்தான் சொன்னாரு. அவரு இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

நீ மேடையில இருந்து பார்த்தது ஒண்ணு. கீழ நடந்தது என்னன்னு நான் சொல்லுதேன். நாங்க மூணாவது வரிசையில இருந்தோம். நான், அத்தான், நடுவுல செலின். அவ அன்னைக்கு லீவு போட்டுட்டு, நல்ல சேலை கட்டி, தலையில மல்லிகைப்பூ வச்சு வந்திருந்தா. குழந்தை போனதுக்கு அப்புறம் அவ பூ வச்சு அன்னைக்குத்தான் பார்த்தேன். நீ எங்களைப் பார்த்தே. பார்த்துச் சிரிச்சே. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. சரி, நம்ம பிள்ளை கேட்டுக்கிட்டான்னு நினைச்சேன்.

முக்கால் மணி நேரம் நல்லாத்தான் பேசினே. அப்புறம் போர்டைத் திருப்பச் சொன்னே. படுக்கப் போட்ட எட்டு. “எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி”ன்னு ஆரம்பிச்சே. அதோட விட்டியா? “இன்னைக்கு இந்தக் கூட்டத்திலேயே ஒரு தாய் உக்காந்திருக்காங்க, அவங்க குழந்தைக்கு மூணு மாசம், மூணை முடிவிலியால வகுத்தா என்ன வரும்”னு சபையைப் பார்த்துக் கேட்டே. அவளுக்குன்னு வச்சிருந்த வார்த்தை அதுதானா? நான் மனசு விட்டு அக்கா தம்பிக்குள்ள எழுதின விஷயத்தை மைக்குல வச்சுக் கேட்டே! சபை “சைபர்”னு சொல்லுச்சு. நீ “சத்தமாச் சொல்லுங்க”ன்னே. “சைபர்.” “அல்லேலூயா சொல்லுங்க.” “அல்லேலூயா.”

செலின் என்னைத் திரும்பிப் பார்த்தா. “டீச்சர், நீங்க வாக்குக் கொடுத்தீங்களே”ன்னுகூட அவ கேக்கலை. கேட்டிருந்தா எனக்கு ஆறியிருக்கும். பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போனா. நீ “ஜெபிப்போம்”னு சொல்லிக் கண்ணை மூடினே. எல்லாரும் மூடினாங்க. ஐம்பது வருஷத்துல முதல் தடவையா நான் ஜெபத்துக்கு நடுவுல எந்திரிச்சேன்.

வெளிய குளிர்ல, செருப்பு கழட்டிப் போட்ட இடத்துல அவ உக்காந்திருந்தா. நானும் அவ பக்கத்துல உக்காந்தேன். ரெண்டு பேரும் அழுதோம். விசும்பல் இல்லைலே, ஊர்ல இழவு வீட்டுல எப்படி அழுவோமோ அப்படி. அவ “என் ராசா”ன்னா. நான் “என் கெசி”ன்னேன். சீக்கியர் ஒருத்தர் ஆட்டோவை நிறுத்திட்டு, “க்யா ஹுவா பஹன்ஜி”ன்னு, என்ன ஆச்சுன்னு கேட்டு, தண்ணி பாட்டிலை நீட்டினாரு. உள்ள நீ மைக்குச் சத்தத்தைக் கூட்டச் சொன்னது எங்களுக்குக் கேட்டுச்சு. எங்க சத்தம் உனக்குக் கேட்டிருக்கும்.

இப்ப செலின் எங்க வீட்டுலதான் இருக்கா. மாமியா வீட்டுக்குப் போகலை. மாப்பிள்ளைக்காரன் வந்து பார்த்துட்டு, கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்னு அவனும் சேர்ந்து அழுதுட்டுப் போனான். நல்ல பையன். அவ குழந்தை பேரு ஜோயல். நீ கேக்கவே இல்லையே, அதான் சொல்லுதேன்.

கூட்டம் முடியும்போது நீ சொன்னதைக் கதவுக்கு வெளிய இருந்து கேட்டேன். “எனக்கு ஒரு அக்கா மட்டும் இல்லை, உலகமெங்கும் எண்ணி முடியாத சகோதரிகளை ஆண்டவர் கொடுத்திருக்கார்”னே. சந்தோஷம். அதுல என்னைக் கழிச்சுக்கோ. உன் கணக்குல ஒண்ணும் குறையாது.

பிரபாவுக்கு வாங்கி வச்சிருந்த சால்வையைத் தனிப் பார்சல்ல அனுப்பியிருக்கேன். அவகிட்ட எனக்குச் சடவோ கோபமோ இல்லை. இதுக்குப் பதில் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
கெசியாவின் அம்மா
ஹெலன்